என் சும்மாவை யார் எடுத்தது?

1.

இந்தக் கதை ஒரே ஒரு வரியிலிருந்து வந்தது. அந்த வரி என்னுடையதுகூட இல்லை. போன வியாழக்கிழமை மூன்றரை மணி டீக்கு எழுந்திருக்கப் போகும்போது கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வேறு சில நாட்டுக்காரர்களும் சேர்ந்து சம்பளமில்லாமல் பராமரிக்கிற ஓப்பன் சோர்ஸ் பிரிண்டர் டிரைவர் ஒன்று இருக்கிறது. அதன் புகார்ப் பக்கத்தில் யாரோ ஒருவர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தார்:

"என் சும்மாவை யார் எடுத்தது?"

அவ்வளவுதான். கீழே லாயிட் என்று பெயர். நான் சிரித்தேன். பக்கத்து நாற்காலிக்காரிக்குக் காட்டி அவளையும் சிரிக்க வைத்தேன். யாரோ சும்மா விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன். நான்கு நாள் பதில் போடவில்லை.

இன்று திங்கள். மணி பதினொன்று ஐம்பது. ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்துக்குள், பூட்டிய கதவு ஒன்றுக்கு எதிரே, இரவல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பூட்டின் சாவியை வைத்திருப்பவர் பெயர் சொர்ணம், வயது ஐம்பத்தொன்று. காலையில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கையில் ஒரு ஃபைல். அந்த ஃபைலில் ஒரு வரி தவறு. அதை ஒரு டாக்டர் நம்பி ஊசி போட்டால் சொர்ணம் செத்துப்போகலாம்.

அந்தத் தவறான வரிக்கும் காணாமல்போன சும்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்வதுதான் கதை. பயத்தில் எழுதுகிறேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்பதால் எழுதுகிறேன். பாதியில் விட்ட வாக்கியங்கள், சரிவராத தொடக்கங்கள் எல்லாம் அப்படியே கிடக்கும், மன்னியுங்கள். அழிக்கும் பட்டனைத் தொட எனக்குப் பயமாக இருக்கிறது.

2.

அழிக்கும் பட்டனைத் தொட எனக்குப் பயமாக இருக்கிறது.

(மேலே இருப்பது முந்தைய பகுதியின் கடைசி வரி. இங்கேயும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இனி ஒவ்வொரு பகுதியிலும் இப்படி வரும். வேண்டுமென்றேதான் விடுகிறேன். காரணம் நான்காம் பகுதியில் இருக்கிறது.)

தொடக்கம் ஒன்று: தேசிகன் கும்பகோணத்திலிருந்து பெங்களூருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இருபத்தொன்பது வயது, வாரத்துக்கு ஐந்து சட்டை, ஐந்தும் நீலம். ஒருநாள் அவன் ஒரு பழைய பிரிண்டர் டிரைவரைத் திறந்தபோது...

இல்லை. டிரைவர் என்றால் என்ன என்று முதலில் சொல்ல வேண்டும்.

தொடக்கம் இரண்டு: பிரிண்டர் டிரைவர் ஒரு மொழிபெயர்ப்பாளர். கம்ப்யூட்டர் சொல்வதைப் பிரிண்டருக்குப் புரிகிற மாதிரி சொல்வதுதான் அதன் வேலை. முன்பெல்லாம் ஒவ்வொரு வகைப் பிரிண்டருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. இப்போது வரும் பிரிண்டர்கள் நெட்வொர்க்கில் ஒரே பொதுமொழி பேசுகின்றன. "உனக்கு என்னென்ன தெரியும்?" என்று கம்ப்யூட்டர் கேட்டால் "இந்த அளவுக் காகிதம், இத்தனை நிறம்" என்று பிரிண்டரே சொல்லிவிடும், நடுவில் ஆள் தேவையில்லை. பழைய பிரிண்டர்களுக்கு அந்தப் பொதுமொழி தெரியாது. நன்றாக ஓடுகிற இயந்திரத்தைத் தூக்கிப்போட மனசில்லாதவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பழைய டிரைவர்களைப் பிரித்து, பொதுமொழி பேசும் சிறு நிரலாகத் திருப்பி எழுதுகிறோம். நெட்வொர்க்கில் அது தன்னைப் புதுப் பிரிண்டர் என்று சொல்லிக்கொள்ளும். பின்னால் இருந்து அச்சடிப்பது பழைய கிழம்தான்.

இது பரவாயில்லை, தொடர்கிறேன்.

தேசிகன் திருப்பி எழுத எடுத்துக்கொண்டது ஒரு லேபிள் பிரிண்டரின் டிரைவர், பதினான்கு வருடப் பழசு. அதில் ஓரிடத்தில், ஒரு லேபிள் அடித்து முடித்ததும், இரண்டு நொடி நிறுத்தச் சொல்லும் ஒரு வரி இருந்தது. பக்கத்தில் குறிப்பு, ஆங்கில எழுத்தில் ஒரே சொல்: சும்மா.

இந்தப் பதினான்கு வருடத்தில் எத்தனையோ பேர் அந்த டிரைவரைத் தொட்டிருக்கிறார்கள். செக் நாட்டுக்காரர் ஒருவர், பிரேசில்காரர் இருவர். யாரும் அந்த வரியில் கை வைக்கவில்லை. அது ஏதோ நெறிமுறையின் சுருக்கப் பெயர் என்று நினைத்தார்கள். "இந்த ஐந்தெழுத்துக்கு விரிவு தெரியவில்லை, ஆகவே தொடாதீர்கள்" என்று ஒருவர் கீழே எழுதியே வைத்திருந்தார். மொழி தெரியாதவர்களின் மரியாதை அது.

தேசிகனுக்குத் தமிழ் தெரியும். அதனால் அவன் அதை எடுத்துவிட்டான்.

"அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்று மாற்றத்தைச் சரிபார்த்த வெளிநாட்டுக்காரர் கேட்டார். "தமிழ்ச் சொல், 'ஒரு காரணமும் இல்லாமல்' என்று அர்த்தம்" என்று தேசிகன் பதில் எழுதினான். பதினான்கு வருடப் புதிர் அவிழ்ந்ததில் அவர் மகிழ்ந்து கட்டைவிரலை உயர்த்திய படம் போட்டார். புதிய பதிப்பு வெளியானது. அந்த வகைப் பிரிண்டர் அவர்கள் யாரிடமும் இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே போலியாக ஒன்றை உருவாக்கித்தான் சோதித்தார்கள். ஒவ்வொரு லேபிளும் இரண்டு நொடி சீக்கிரம் வந்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

3.

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

மணி பன்னிரண்டு பத்து. பூட்டு அப்படியே தொங்குகிறது.

தேசிகனை எனக்குப் பிடிக்கவில்லை. மேலே போய்ப் பாருங்கள், ஐந்து நீலச் சட்டை என்று கிண்டலாக எழுதியிருக்கிறேன். அவனைக் கொஞ்சம் மக்காகக் காட்டினால் நீங்கள் அவன்மேல் கோபப்படுவீர்கள், எனக்கு வேலை மிச்சம். அவனுக்கு ஒரு காதலியைக் கொடுத்து, அன்றைக்கு அவளோடு சண்டை, அந்தக் கவனக்குறைவில் வரி போய்விட்டது என்று...

வேண்டாம், அதெல்லாம் பொய். தேசிகன் என்று யாரும் கிடையாது. எடுத்தது நான். என் பெயர் பார்கவி. ஊர் ஆரணி, இருப்பது ஜோகுபாளையம், வயது நாற்பத்திரண்டு. எந்தச் சண்டையும் இல்லாத ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை, இட்லி சாப்பிட்டுவிட்டு, நிதானமாக, பெருமையோடு எடுத்தேன்.

பெருமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கதை எழுதுகிறவள். இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. "இவர் கதையில் ஒரு சொல் மிகையில்லை" என்று ஒரு மதிப்புரையில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கிறுக்கு அதிகமாகிவிட்டது. முன்னூறு வரி எழுதினால் இருநூறை வெட்டுவேன். வெட்டுவதுதான் எழுத்து என்று இளசுகளிடம் கூட்டத்தில் பேசுவேன். நிரலிலும் அதே கைதான். பதிப்போடு வரும் மாற்றக் குறிப்பையும் நானே எழுதினேன்: "தேவையற்ற தாமதம் நீக்கப்பட்டது." நறுக்கென்று இருக்கிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இப்போது தெரிகிறதா, ஏன் எதையும் அழிக்க மாட்டேன் என்கிறேன் என்று? தேசிகனைக்கூட அழிக்கவில்லை, மேலே நீலச் சட்டையோடு அப்படியே இருக்கட்டும். ஆனால் இனி வரும் தப்பெல்லாம் என்னுடையதுதான்.

4.

இனி வரும் தப்பெல்லாம் என்னுடையதுதான்.

இன்று காலை ஒன்பது மணிக்கு அந்தப் புகாரை 'விளையாட்டு' என்று முத்திரை குத்தி மூடிவிடலாம் என்று திறந்தேன். மூடுவதற்கு முன் ஏதோ உறுத்த, பழைய டிரைவரின் முதல் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். எழுதியவர் பெயர்: லாயிட், பெங்களூர். கூடவே ஒரு மொபைல் எண். உலகத்தில் எங்கோ இருப்பவர் என்று நினைத்தேன், மெட்ரோவில் போகிற தூரத்தில் இருக்கிறார். கூப்பிட்டேன்.

"யாரு?"

"சார், என் பேர் பார்கவி. அந்த லேபிள் பிரிண்டர் டிரைவர் விஷயமா... வியாழக்கிழமை நீங்க..."

"ஆ! சும்மா! நீங்கதான் எடுத்ததா மேடம்?" கலகலவென்று சிரித்தார்.

"ஆமா சார். அது எதுக்குப் போட்டீங்க?"

"எதுக்குப் போட்டேன்..." பின்னால் மிக்ஸி ஓடி நின்றது. "பதினாலு வருஷம் ஆச்சே. நான் கம்ப்யூட்டர விட்டே ஒம்போது வருஷம். இப்ப கேக் ஆர்டர் எடுத்துப் பண்றேன், ஆஸ்டின் டவுன்ல. எதுக்கோ... சும்மா போட்டிருப்பேன் மேடம்."

அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதியை மறைக்காமல் எழுதுகிறேன். போட்டவரே காரணமில்லை என்கிறார், என் மொழிபெயர்ப்பு சரி. ஃபோனை வைத்துவிட்டிருக்கலாம். கதாசிரியப் புத்தி, இன்னொரு கேள்வி கேட்டேன்.

"அப்ப ஏன் சார் தேடினீங்க?"

"என் தங்கச்சி குளோரியா சொன்னா. இங்க ஒரு நர்சிங் ஹோம்ல அட்மிஷன் கவுண்டர்ல இருக்கா. அவளுக்காகத்தான் அந்த டிரைவரே எழுதினது. போன வாரம் சொல்றா, அண்ணா உன் பிரிண்டர் சூப்பர் ஃபாஸ்ட் ஆயிடுச்சு, முன்னெல்லாம் நாலஞ்சு பேருக்குச் சேத்து அடிச்சா நின்னு நின்னு வரும், இப்ப நிக்காம வருதுன்னு. என்னடா இதுன்னு போய்ப் பாத்தா என் சும்மாவக் காணோம். அது எப்படி நிக்காம..."

"சார்?"

"நிக்கணும் மேடம்." குரல் வேறாக இருந்தது. "அது நிக்கணும். மோட்டார் முழுசா நிக்கிற வரைக்கும் உள்ள இருக்கிற கடைசி வரி அழியாது. நிக்கறதுக்கு முன்ன அடுத்ததை அனுப்பினா, முந்தின லேபிளோட கடைசி வரி இந்த லேபிள்ல வந்துடும். அதான் ரெண்டு செகண்டு ஒண்ணுமே செய்யாம சும்மா இருக்கட்டும்னு... சும்மான்னு எழுதி வெச்சேன்."

சும்மா இருக்கட்டும். காரணமில்லாமல் என்ற அர்த்தத்தில் அல்ல, ஒன்றும் செய்யாமல் என்ற அர்த்தத்தில். ஒரே சொல். தினமும் இருபது முறை சொல்கிற சொல். ஒரு செக் நாட்டுக்காரரால் இந்தத் தப்பைச் செய்திருக்கவே முடியாது.

"இந்த லேபிளோட சொந்தக் கடைசி வரி என்ன ஆகும் சார்?"

"அடுத்ததுக்குப் போயிடும்."

"நீங்க எழுதினப்ப கடைசி வரியா என்ன இருந்துச்சு?"

"வார்டு. சும்மா போடறதுக்கு முன்ன, ஹெர்னியா கேஸ் ஒருத்தர மெட்டர்னிட்டி வார்டுல கொண்டு போய் விட்டாங்க. வயித்தப் புடிச்சிட்டு சிரிச்சோம்."

"இப்ப கடைசி வரி என்ன?"

அது அவருக்குத் தெரியாது. குளோரியாவைத் தொடர்பில் சேர்த்தார்.

5.

குளோரியாவைத் தொடர்பில் சேர்த்தார்.

"பேரு, வயசு, வார்டு, அலர்ஜி" என்றார் குளோரியா. "நாலு வரி. அலர்ஜி ரெண்டு வருஷமாத்தான் போடறோம். ஏன்ணா?"

நான்தான் கேட்டேன். "இன்னிக்கு அடிச்ச லேபிள் கையில இருக்கா? கடைசி வரி மட்டும் வரிசையா படிங்களேன்."

"நில். நில். நில். நில். நில்." கொஞ்சம் எரிச்சலோடு படித்தார். "எல்லாம் நில்தான் மேடம். பத்து பேர்ல ஒம்போது பேருக்கு அலர்ஜி எதுவும் இருக்காது."

* குறிப்பு: ஆங்கிலத்தில் அது 'எதுவுமில்லை'. தமிழ்க் காதில் அது கட்டளை. நில், நில், நில் என்று குளோரியா படிக்கப் படிக்க ஃபோனைக் காதைவிட்டுத் தள்ளிப் பிடித்தேன். புதிய பதிப்பு அந்தக் கம்ப்யூட்டரில் தானாக ஏறியதிலிருந்து பன்னிரண்டு நாளாக அந்த வரி கத்திக்கொண்டிருக்கிறது, இயந்திரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

நில்லுக்குப் பின் நில் வந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. முந்தையவரின் 'நில்' அடுத்தவருக்குப் போகும், அடுத்தவருக்கும் அதுதான். அலர்ஜி உள்ள ஒருவர் வரும்போதுதான் தப்பு நடக்கும். அப்போதும் சத்தமில்லாமல்தான் நடக்கும். அவர் லேபிளில் முந்தையவரின் 'நில்' விழும். அவருடைய எச்சரிக்கை, பின்னால் வருகிற, எந்த அலர்ஜியும் இல்லாத ஆளுக்குப் போய்ச் சேரும்.

(பொருந்தாத வரி மாட்டிக்கொள்ளும். பொருந்துகிற தவறான வரியைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மேலே என் பகுதிகளின் தலையில் ஒட்டியிருக்கும் வரிகளை நீங்களும் பழகியிருப்பீர்கள், இல்லையா?)

"குளோரியா, உடனே பிரிண்டர நிறுத்துங்க. கையால எழுதுங்க."

"ஏன், என்ன ஆச்சு? அண்ணா, ஏன் பேச மாட்டேங்கற?"

"சொன்னதச் செய்டி" என்றார் லாயிட்.

நிறுத்தினார். டாக்டரிடம் ஓடினார். அடுத்த இருபது நிமிடத்தில் பன்னிரண்டு நாள் அட்மிஷனையும் கம்ப்யூட்டர் திரையில் ஓட்டிப் பார்த்தார். திரையில் எல்லாம் சரியாக இருந்தது. அவர் சரியாகத்தான் டைப் செய்திருந்தார். அலர்ஜி உள்ளவர்கள் மூன்றே பேர். ஒரு பையனுக்கு முட்டை ஆகாது. அவன் அம்மாவிடம் பேசியாகிவிட்டது, சிரித்துவிட்டு வைத்தாளாம். இன்னொருவர் மளிகைக்கடைக்காரர், சல்ஃபா மாத்திரை ஆகாதவர். அவரிடம் லாயிட்டே பேசினார். தவறான லேபிள் ஒட்டிய ஃபைல் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அவர் நலமாக வீட்டில் இருக்கிறார்.

6.

அவர் நலமாக வீட்டில் இருக்கிறார்.

மூன்றாவது ஆள் சொர்ணம்.

(ஒரு கணம் நிம்மதியாக இருந்ததா? அந்த வரி மளிகைக்கடைக்காரருடையது. சொர்ணத்தின் தலையில் வந்து விழுந்துவிட்டது. இப்படித்தான் நடக்கும்.)

சொர்ணம் பௌரகார்மிக, தெரு கூட்டுகிறவர். வெள்ளிக்கிழமை ஆஸ்டின் டவுனில் குப்பைப் பை ஒன்றில் யாரோ உடைந்த பாட்டிலைச் சுருட்டி வைத்திருக்க, அது காலில் இறங்கிவிட்டது. பக்கத்திலிருந்த நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். குளோரியா கேட்டதற்கு, "பென்சிலின் ஊசி எனக்கு ஆவாதும்மா, ஒருவாட்டி மூச்சு நின்னு பொழச்சேன்" என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். குளோரியா டைப் செய்திருக்கிறார். லேபிளில் 'நில்' வந்தது. அடுத்து வந்த ஓர் ஆசிரியரின் லேபிளில் பென்சிலின் வந்தது.

வெள்ளிக்கிழமை என்பதைக் கவனித்தீர்களா? லாயிட்டின் செய்தி வந்தது வியாழக்கிழமை. அன்றைக்கே நான் பதில் போட்டிருந்தால்... இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

நர்சிங் ஹோமில் ஒன்றும் ஆகவில்லை. அங்கே நர்ஸ் வாயாலும் கேட்டு, வேறு மருந்து போட்டிருக்கிறார். ஞாயிறு காலை டிஸ்சார்ஜ். இன்னும் மூன்று நாள் வீட்டுக்குப் பக்கத்தில் எங்காவது கட்டுப் போட்டு ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, ஃபைலைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். தாளில் மருந்தின் பெயர் இருக்கிறது. ஆனால் இலவச ஆஸ்பத்திரியில் அந்த மருந்து இல்லையென்றால் வேறொன்று போடுவார்கள். வேறொன்று போடுவதற்கு முன் ஃபைலின் மேலே அலர்ஜி வரியைப் பார்ப்பார்கள். நில்.

அவர் கொடுத்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஃபைலில் இருந்த விலாசம் இந்தச் சந்து. மெட்ரோவில் வரும்போதே நீக்கிய வரியைத் திரும்பச் சேர்த்துப் புதிய பதிப்பை அனுப்பிவிட்டேன். "இது என்ன அவசரம்?" என்று அந்த வெளிநாட்டுக்காரர் கேட்டார். "நான் தப்பாக மொழிபெயர்த்துவிட்டேன்" என்று எழுதினேன். மெஜஸ்டிக்கில் வண்டி மாற இரண்டிரண்டு படியாக ஓடினேன்.

லாயிட் ஸ்கூட்டரில் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். குட்டையான மனிதர், சட்டைக் கையில் மைதா. கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண்தான் சொன்னாள்.

"அக்கா காலையிலயே போச்சே, கட்டு கட்ட. எந்த ஆஸ்பத்திரின்னு தெர்ல. அது புள்ள ஓசூர்ல கீது. ஏன், இன்னா விசயம்?"

லாயிட் என்னைப் பார்த்தார். "நான் ஒவ்வொரு ஆஸ்பத்திரியா போய்ப் பாக்கறேன். நீங்க இங்கயே சும்மா இருங்க மேடம். எங்கயும் போவாதீங்க. அவங்க வந்தா ஃபைலப் புடுங்கி வெச்சுக்கோங்க."

அது என்ன சொல் என்று அவருக்கே அப்போது உறைத்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

7.

நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

மணி ஒன்று பத்து. லாயிட் மூன்று இடம் பார்த்துவிட்டார். இல்லை. எதிர்வீட்டுப் பெண் தண்ணீர் கொடுத்தாள். "ஏன் வெயில்ல குந்திக்கினு கீறே, உள்ள வாக்கா" என்றாள். உள்ளே போனால் சந்துமுனை தெரியாது.

பயம் என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று எத்தனையோ கதையில் எழுதியிருக்கிறேன். இப்போது நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. சந்துமுனையில் திரும்புகிற ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து உட்காருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது சேதி சொல்ல வந்தால் எப்படி நடந்து வருவார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன். அதில்தானே எனக்குப் பழக்கம்.

முடிவு அ: ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபைலைப் பார்க்காமல் சொர்ணத்தின் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு எதுவும் ஆகாதா அம்மா?" என்று கேட்கிறார். சொர்ணம் சொல்கிறார். டாக்டர் லேபிளை அடித்துக் கையால் திருத்துகிறார். நடக்கக்கூடியதுதான். ஆனால் இது எனக்குச் சாதகமான முடிவு. என் கதையாக இல்லாவிட்டால் இதை முதலில் நானே வெட்டியிருப்பேன்.

முடிவு ஆ: (ஒரு பத்தி எழுதினேன். எதையும் அழிப்பதில்லை என்று சொன்னேன், ஆனால் அதை மட்டும் அழித்துவிட்டேன். அதில் ஓசூரிலிருந்து வந்த மகன் இருந்தான். நான் அவனிடம் "சும்மா" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.)

முடிவு இ: சொர்ணம் இன்று எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. கூட்டமாக இருக்கிறதென்று திரும்பிவிட்டார், வழியில் யாரோ சிநேகிதி வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். ஃபைல் மடியில், ஊசி நாளைக்கு.

மூன்றையும் படித்துப் பார்த்தேன். மூன்றிலும் நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் இருக்கிறேன். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கதையை இங்கே முடித்தால் பலரும் பாராட்டுவார்கள். நான் இன்னும் முடிக்கவில்லை, ஏனென்றால் சந்துமுனையில் யாரோ காலை இழுத்து இழுத்து வருகிறார்.

8.

சந்துமுனையில் யாரோ காலை இழுத்து இழுத்து வருகிறார்.

இந்தப் பகுதியை ஆட்டோவில் எழுதுகிறேன். குலுக்கலில் விரல் தப்புகிறது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

மணி ஒன்று முப்பத்தைந்து. ஒல்லியான அம்மா, காலில் புதுக் கட்டு, கையில் துணிக்கடைப் பை. "தோ, அக்காவே வந்துட்ச்சு" என்றாள் எதிர்வீட்டுப் பெண். நான் ஓடிய ஓட்டத்தில் நாற்காலி சரிந்தது.

"சொர்ணம் அக்காவா? ஊசி போட்டாங்களா அக்கா?"

"நீ யாரு கண்ணு? கார்ப்பரேசனா?"

"இல்லக்கா. ஊசி போட்டாங்களா?"

"போட்டாங்களே. ரெண்டு." பையைத் தட்டிக் காட்டினார். "எல்லாம் இதுல கீது."

"உங்களுக்கு ஆகாத ஊசி ஒண்ணு இருக்கே, சொன்னீங்களா?"

"கேட்டாங்க. எல்லாம் ஃபைல்ல எழுதிக் குடுத்துக்கிறாங்க சார், பாத்துக்கங்கன்னு சொன்னேன்." என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சிரித்தார். "எனக்கு இன்னா தெரியும் இங்கிலீசு?"

ஃபைலைப் பிடுங்கினேன். மேலே லேபிள், கடைசி வரி நில். உள்ளே இன்றைய சீட்டு, அவசரக் கையெழுத்து. இரண்டு மருந்து. இரண்டாவதின் முதலெழுத்து பென்சிலினின் 'பி'யாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். இரண்டு தொகுப்பு போட்டவளுக்கு ஓர் எழுத்தைப் படிக்கத் தெரியவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். சொர்ணம் இடது கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

"ஏன்க்கா சொறியறீங்க?"

"இதுவா? சும்மாதான் கண்ணு."

என் மூளை தானாக வேலை செய்யத் தொடங்கியது. சும்மா என்றால் காரணமில்லாமல். வெயில், வியர்வை, நடந்து வந்த களைப்பு. ஒரு நொடி. அதற்குள் நிறுத்திக்கொண்டேன். இந்தச் சொல்லை நான் இனி யாருக்கும் மொழிபெயர்க்க மாட்டேன். சந்துமுனைக்கு ஓடி, போய்க்கொண்டிருந்த ஆட்டோவை மறித்து, சொர்ணத்தை ஏற்றினேன். லாயிட்டுக்கு ஃபோனில் சொன்னேன், நாங்கள் போகிற ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதாகச் சொன்னார்.

இப்போது ஓகலிபுரம் சிக்னல். சிவப்பு. முன்னால் இரண்டு பஸ். "ஆஸ்பத்திரிக்கா மேடம்? டூ மினிட்ஸ்" என்கிறார் டிரைவர். சொர்ணம் என் தோளில் தலையைச் சாய்த்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது. சொறிவது நின்றுவிட்டது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

"அக்கா? அக்கா, மூச்சு விட முடியுதா? பேசுங்கக்கா."

"சும்மா இரு கண்ணு" என்கிறார், கண்ணைத் திறக்காமல்.

சிக்னல் பச்சையானதும் நான் ஃபோனை உள்ளே வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு நடப்பதை எழுத மாட்டேன். அவர் கடைசியாகச் சொன்னதற்கு என்ன பொருள் என்று உங்களிடம் விட்டுவிடுகிறேன். கீழே இருக்கிற லேபிளையும் விட்டுவிடுகிறேன், மூன்று வரிதான் எழுதியிருக்கிறேன்.

ஒன்று மட்டும். இதைப் படித்து முடித்த கையோடு அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். இதன் கடைசி வரி அங்கே இருக்கும் யார் தலையிலாவது விழும். இரண்டு நொடி ஒன்றும் செய்யாமல் அப்படியே இருங்கள்.

பெயர்: சொர்ணம்
வயது: 51
வார்டு: எமர்ஜென்சி
அலர்ஜி: